எங்கள் கடன் கணக்கை எங்களுக்கே காட்டுங்கள்: மத்திய வங்கி அதிகாரிகளுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

நிதி நுகர்வோரைப் பாதுகாக்கும் பொறுப்பு உங்களிடம் இருப்பதாலும், நான் எழுதப்போகும் விடயம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு எளிதாகத் தள்ளப்படக்கூடியது என்பதாலும், இந்த மடலை உங்கள் பெயருக்கே, ஆனால் எவரும் வாசிக்கும்படி திறந்தே எழுதுகிறேன். நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஆசிரியை. என் அம்மா முப்பத்திரண்டு வருடங்களாகக் கொழுந்து பறிப்பவர். எங்கள் குடும்பம் பதினாறு மாதங்கள், கட்டணம் வாங்கிக்கொண்டு கடன்களை ஒழுங்குபடுத்தித் தருவதாகச் சொன்ன ஒரு நிலையத்தின் வழியாகக் கடன் கட்டியது. பிறகு அதிலிருந்து விலகி, கடன் தந்த நிறுவனங்களோடு நாங்களே பேசி, நாங்களே கட்டிவருகிறோம். அப்படி விலகுவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது, அதை எளிதாக்க உங்களால் என்ன செய்ய முடியும் என்ற இரண்டையும் சொல்லவே எழுதுகிறேன். அந்த நிலையத்தின் பெயரை எழுதவில்லை. அதை மூடிவிட்டால் அதே மாடிப்படிக்கு மேல் அடுத்த மாதம் வேறொரு பெயர்ப்பலகை தொங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கடன் எப்படி வந்தது என்பதை நீட்ட வேண்டியதில்லை. 2022 எல்லோருக்கும் தெரிந்த வருடம். இலங்கையின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட அந்த செப்டெம்பரில், ரொட்டிக்குக் கோதுமை மா வாங்குவதே எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பெரிய யோசனையாக இருந்தது. தம்பி தவணைக்கு எடுத்த முச்சக்கரவண்டி ஓடிய நாட்களைவிட எரிபொருள் வரிசையில் நின்ற நாட்கள் அதிகம். நிறுவனம் வண்டியை எடுத்து விற்ற பிறகும் 190,000 ரூபாய் மிகுதி என்று கடிதம் வந்தது. அப்பாவின் வைத்தியத்துக்கு எடுத்த குழுக்கடனில் 85,000 ரூபாய், அதன் கிழமைத் தவணையைக் கட்டுவதற்காகவே எடுத்த இரண்டாவது குழுக்கடனில் 60,000 ரூபாய், தையல் இயந்திரத்துக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் கட்ட வேண்டிய 45,000 ரூபாய் என்று 2023 ஜனவரியில் எங்கள் கடன் மொத்தம் 380,000 ரூபாய். அப்போது அம்மாவின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். அதுவும் நிர்ணயித்த கிலோ பறித்தால்தான், இல்லாவிட்டால் அரைப் பேர். பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

அந்த நிலையத்தின் ஆள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அது ஞாயிறு என்பதைக் கவனிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கடன் தந்த நிறுவனங்களின் கிளைகள் டவுனில் இருக்கின்றன. வார நாளில் அங்கே போய் ஒரு முகாமையாளரைப் பார்ப்பதென்றால் அம்மாவுக்கு ஒரு பேர் போகும், பஸ் செலவு போகும், அங்கே இருக்கும் ஆள் இல்லையென்று நாளை வரச் சொன்னால் இன்னொரு பேர் போகும். நான்கு நிறுவனங்களுக்கு நான்கு முறை. இவரோ பிரட்டு (வேலைக்குப் பேர் பதியும் காலைக் கூட்டம்) இல்லாத நாளில் லயத்துக்கே வந்து, இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து, வெறுந்தேநீர் குடித்துக்கொண்டு, தமிழில், அம்மாவை "அம்மா" என்றே அழைத்துப் பேசினார். மாதம் ஒரு தொகையை அவர்களிடம் கட்டினால் போதும், நான்கு இடத்துக்கும் அவர்களே பிரித்து அனுப்புவார்கள், இனி எவரும் வாசலில் வந்து நிற்கமாட்டார்கள் என்றார். பட்டம் பெற்ற நானும் பக்கத்தில்தான் இருந்தேன். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான் வாசிக்காமல் விட்டதற்குக் காரணம் ஆங்கிலம் தெரியாமை அல்ல, களைப்பு.

மாதம் 18,000 ரூபாய் என்று முடிவானது. முதல் இரண்டு மாதத்துப் பணம் முழுவதும் சேர்வுக் கட்டணம். மூன்றாம் மாதத்திலிருந்து 15 சதவீதம், அதாவது 2,700 ரூபாய், அதற்கு மேல் தபாலுக்கும் தொலைபேசிக்கும் 300 ரூபாய். பதினாறு மாதத்தில் நாங்கள் கட்டியது 288,000 ரூபாய். அதில் அவர்கள் எடுத்தது 36,000 ரூபாயும் 42,000 ரூபாயுமாக 78,000 ரூபாய். மீதி 210,000 ரூபாய் உரிய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதைப் பின்னால் நானே சரிபார்த்தேன். ஆகவே இதைக் களவு என்று சொல்லமாட்டேன். ஆனால் நாங்கள் சம்பளம் கிடைத்து 11 ஆம் திகதி கொடுத்த பணத்தை அவர்கள் மாதக் கடைசியில்தான் அனுப்பினார்கள். அந்தத் தாமதத்துக்காகவும் முதல் இரண்டு மாதம் எதுவும் போகாததற்காகவும் நான்கு நிறுவனங்களும் சேர்த்த தண்டப்பணம் மட்டும் 21,400 ரூபாய். ஒரு கொழுந்துப் பெண்ணின் கணக்கில் எழுதினால், கட்டணமும் தண்டமும் சேர்ந்து அன்றைய சம்பளத்தில் தொண்ணூற்றொன்பது பேர்.

அவர்கள் எங்களுக்குச் செய்த நன்மையையும் மறைக்கக் கூடாது. தொலைபேசி அடிப்பது நின்றது. தவணை கேட்டு மோட்டார் சைக்கிளில் வருபவர் எங்கள் படியில் உட்காருவது நின்றது. அம்மா இரவில் தூங்கினார். மாதம் 3,000 ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது அந்தத் தூக்கத்தைத்தான் என்று நினைக்கிறேன், அதற்கு அந்த விலை கொடுத்ததற்காக அம்மாவை எவரும் ஏளனம் செய்ய வேண்டாம். கடன் தந்தவர்கள் மரியாதையாகப் பேசியிருந்தால் அந்தத் தூக்கத்தை விற்க ஒருவருக்கும் வழி இருந்திருக்காது.

தவணைக்காரர் எங்கள் படிக்கு வராமல் விட்டாரே தவிர, லயத்துக்கு வராமல் விடவில்லை. இதை நாங்கள் அறிந்துகொள்ள ஐந்து மாதம் ஆனது. குழுக்கடன் என்பது ஒருவருக்கு ஒருவர் கையெழுத்து வைத்து எடுக்கும் கடன். அம்மாவின் குழுவில் ஐந்து பெண்கள், எல்லோரும் ஒரே மலையில் நிரை பிடிப்பவர்கள். தவணை வசூலிக்கும் கூட்டத்துக்கு சென்டர் என்று பெயர். கிழமைக்கு ஒருமுறை அது கூடும்போது ஒருத்தியின் தவணை குறைந்தால் மற்ற நால்வரும் சேர்த்துக் கட்டும்வரை எவரும் எழுந்துபோக முடியாது. எங்கள் பணம் முதல் இரண்டு மாதம் சேர்வுக் கட்டணமாகப் போனபோது அம்மாவின் தவணையை அந்த நான்கு பேரும் தங்கள் சீட்டுக்காசிலிருந்தும் அடகு வைத்த தோட்டிலிருந்தும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழுவோடு பேசியாயிற்று, இனி சென்டருக்குப் போக வேண்டியதில்லை என்று நிலையத்தில் சொன்னதை நம்பி அம்மா போகாமல் இருந்தார். அந்த நான்கு பெண்களோ, கடனை வாங்கிவிட்டு ஒளிகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அம்மாவுக்கு இடம் விடாமல் முன்னால் போய் நின்றார்கள். பின்னொரு நாள் தோட்டத்துத் திருவிழாவான காமன் கூத்துக்கு எண்ணெய்ப் பணம் சேர்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். அம்மா அதைச் சொல்லவில்லை. பக்கத்துக் காம்பராப் பிள்ளை என் வகுப்பில் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. ஒரு நிறுவனத்தின் கடனையும் ஒரு குழுவின் கடனையும் ஒரே தட்டில் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் எந்த ஏற்பாடும் இந்த இடத்தில் உடையும் என்பதை, இப்படியான நிலையங்களை ஒழுங்குபடுத்த எண்ணும் எவரும் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் கணக்குக் கேட்டேன். எங்கள் பணத்தில் எவ்வளவு, எந்தத் திகதியில், எந்த நிறுவனத்துக்குப் போனது என்று எழுதித் தரும்படி கேட்டதற்கு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் மொத்தமாகத் தருவோம் என்றார்கள். ஒப்பந்தக் காலம் நான்கு வருடம். நிறுவனங்களிடம் போனேன். ஒரு கிளையில், உங்கள் முகவரோடுதான் பேசுவோம் என்றார்கள். எங்கள் கடன், எங்கள் பணம், ஆனால் கணக்குப் பார்க்கும் உரிமை மட்டும் நடுவில் நின்றவருக்கு.

என் தாத்தா, தன் தாத்தா சொன்னதாக, துண்டைப் பற்றிச் சொல்வார். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகும் தொழிலாளியின் கடன் தொகையை எழுதிய சீட்டுக்குத் துண்டு என்று பெயர்; அந்தத் தொகையைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளும். ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கிய பெரிய கங்காணிக்கும் (ஆட்களைச் சேர்த்து வேலை வாங்கியவர்) துரைக்கும் (தோட்ட முகாமையாளர்) இடையில் எழுதப்பட்ட அந்தக் கணக்கில் தன் பெயருக்கு நேரே என்ன தொகை இருந்தது என்பதைக் கடன்பட்டவர் பார்த்ததில்லை, பார்த்தாலும் வாசிக்கத் தெரியாது. 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நிலையத்தின் கண்ணாடி மேசைக்கு முன்னால் நின்றபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. ஒப்பிடுவது மிகை என்று நீங்கள் கருதினால் மறுக்கமாட்டேன், எங்களை எவரும் கட்டிவைக்கவில்லைதான்.

விலகிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் இதை வாசிக்கக்கூடும். முதலில் நிலையத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்திவிட்டுப் பிறகு பேசலாம் என்று போயிருந்தால் இன்னும் இரண்டு மாதத் தண்டம் ஏறியிருக்கும், குழுப் பெண்கள் இன்னுமொருமுறை தோடு கழற்றியிருப்பார்கள். அம்மாவின் அடையாள அட்டையோடு கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்தோம். கிரிப் என்று எல்லோரும் சொல்லும் அந்தப் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது, தன் அறிக்கையைத் தானே பெற எவருக்கும் வழியுண்டு. அதில் நான்கில் மூன்று கடன்தான் இருந்தது. இரண்டாவது குழுக்கடன் தந்த நிறுவனம் அதில் இல்லை, ஆகையால் அந்த அறிக்கையை மட்டும் நம்பியிருந்தால் ஒரு கடனையே மறந்திருப்போம். பிறகு நான்கு நிறுவனங்களுக்கும் அம்மாவின் கையெழுத்தோடு தமிழில் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்: இன்ன திகதி முதல் எங்கள் சார்பில் வேறெவரும் பேசமாட்டார்கள், இன்றைய மிகுதியை எழுத்தில் தாருங்கள், தண்டப்பணத்தை நிறுத்திவைத்தால் மாதம் இவ்வளவு கட்டுவோம். நிலையத்துக்கும் அதே நாளில் ஒரு கடிதம்.

பதில்கள் வர ஐந்து கிழமை ஆனது. நான்கு இடத்து மிகுதியும் 112,000, 58,000, 41,000, 29,000 ரூபாய். மொத்தம் 240,000 ரூபாய். மாதம் 18,000 ரூபாயை அந்த விகிதத்திலேயே பிரித்தால் 8,400, 4,350, 3,075, 2,175 ரூபாய் வருகிறது. இதற்குக் கூட்டல் கழித்தலுக்கு மேல் பெருக்கல் ஒன்று தெரிந்தால் போதும். என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் விகிதசமம் படிக்கும்போது இதைவிடக் கடினமான கணக்குச் செய்கிறார்கள். இந்தப் பிரிப்புக்காக நாங்கள் மாதம் 3,000 ரூபாய் கொடுத்துவந்தோம். இரண்டு நிறுவனங்கள் தண்டப்பணத்தை நிறுத்தின. மூன்றாவது நிறுவனம் தண்டப்பணத்தைப் பற்றி எதுவும் எழுதாமல் பணத்தை மட்டும் ஏற்றுக்கொண்டது. குழுக்கடன் நிறுவனங்களில் ஒன்று கிழமைத் தவணையை விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே அதற்குரிய பங்கை நான்காகப் பிரித்து, அம்மாவே மறுபடியும் சென்டருக்குப் போய்க் கையில் கொடுத்தார். முதல் நாள் போகும்போது அந்த நான்கு பெண்களும் கட்டிய காசைத் திருப்பிக் கொடுத்தோம். கடன் வரிசையில் அதை முதலில் வைத்ததற்காக எந்த நிபுணர் என்னைக் கண்டித்தாலும் கேட்கமாட்டேன்.

எல்லாம் நேராகப் போனது என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் மாதமே நான் ஒரு திகதியைத் தவறவிட்டு 450 ரூபாய் தண்டம் வாங்கினேன். அதன் பிறகு வங்கியில் சொல்லி ஒவ்வொரு மாதமும் 12 ஆம் திகதி என் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துகொண்டேன். விலகிய செய்தி போனதும் தொலைபேசி அழைப்புகள் மறுபடியும் தொடங்கின. ஒருமுறை பாடசாலைக்கே அழைத்து அதிபரிடம் கேட்டார்கள். அப்போது அம்மா, பேசாமல் திரும்பிப் போய்விடுவோமா என்று கேட்டார். பற்றுச்சீட்டு ஒட்டிய கொப்பியை எடுத்துக் காட்டினேன். இன்று மூன்று கடன் முடிந்துவிட்டது. வண்டிக் கடனில் மட்டும் 26,000 ரூபாய் மிகுதி இருக்கிறது.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் கடன் கொடுக்கும் நிறுவனங்களைப் பற்றியது. உங்கள் 2023 ஆம் ஆண்டின் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் உங்கள் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகின்றன. கடன் கொடுக்காமல், வைப்பும் ஏற்காமல், கடன்பட்டவரிடம் வாங்கிக் கடன் கொடுத்தவரிடம் சேர்ப்பதாகச் சொல்லி நடுவில் நிற்பவர் இந்த இரண்டின் எந்த வரியில் வருகிறார் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. 1941 ஆம் ஆண்டின் 39 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கடன் இணக்க சபை ஒன்று இருக்கிறது. அது காணியை ஈடுவைத்துப் பட்ட கடனுக்கானது. ஏழு பேர்ச் காணிக்கு உறுதிப்பத்திரம் கேட்டே வருடங்கள் போகும் எங்களுக்கு ஈடுவைக்க எதுவுமில்லை, ஆகையால் அந்தச் சபையின் கதவும் எங்களுக்கு இல்லை. 2018 இல் 100,000 ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசு தள்ளுபடி செய்தபோது அது வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களுக்கு மட்டுமே. எங்கள் நுவரெலியா மாவட்டத்தில் மழை பெய்துகொண்டிருந்தது.

பிரித்தானியாவில் இதே தொழில் பல வருடங்களாக நடக்கிறது. அங்கே 2014 ஏப்ரல் முதல் நிதி நடத்தை அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் எவரும் இதைச் செய்ய முடியாது. கட்டணம் வாங்கும் நிறுவனம், இதே உதவி இலவசமாகவும் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்லியாக வேண்டும். ஸ்டெப்சேஞ்ச் போன்ற தொண்டு நிறுவனங்கள் இந்தப் பிரிப்பு வேலையைக் கடன்பட்டவரிடம் ஒரு சதமும் வாங்காமல் செய்கின்றன, செலவின் பெரும்பகுதியைக் கடன் கொடுத்தவர்களே ஏற்கிறார்கள், ஏனென்றால் ஒழுங்காகத் திரும்பி வரும் பணத்தால் நன்மை அவர்களுக்கும்தான். அந்த ஏற்பாட்டை அப்படியே பெயர்த்து இங்கே நடச் சொல்லவில்லை. செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு அங்கே கண்ட விடை இங்கேயும் பொருந்தும் என்றுதான் சொல்கிறேன்.

நான் உங்களிடம் கேட்பவற்றில் மிக முக்கியமானது மிகச் சிறியது. கடன்பட்டவர் நேரில் வந்தோ கடிதம் எழுதியோ கேட்டால், அவர் சார்பில் முகவர் ஒருவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருடைய மிகுதியையும், வட்டி எவ்வளவு தண்டம் எவ்வளவு என்ற பிரிவையும், தமிழில் எழுதி, ஒரு கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று உங்கள் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்குப் பணிப்புரை அனுப்புங்கள். இது ஒன்று நடந்தாலே பாதிப் பேருக்கு நடு ஆள் தேவைப்படாது. அந்த நடு ஆட்கள் தொழில் நடத்தட்டும், ஆனால் பதிவு செய்துகொண்டு நடத்தட்டும். முதல் மாதத்துப் பணத்திலிருந்தே பெரும்பங்கு கடனுக்குப் போகட்டும். மாதாந்தக் கணக்குச் சீட்டுக் கொடுக்கட்டும். விலக விரும்புபவரைத் தண்டமில்லாமல் விடட்டும்.

முறைப்பாட்டுக்கு 1935 என்ற உங்கள் தொலைபேசி இலக்கம் இருப்பதை அறிவேன். எங்கள் லயத்தில் கேட்டுப் பார்த்தேன், இருவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. சுவரொட்டி ஒட்டலாம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டினால் எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால் எழுத்துப் படிக்கக் கூச்சப்படும் ஒருவர், மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரு பாறையைத் தேடி நின்று, நான்கு கடனின் கதையைத் தொலைபேசியில் சொல்லி முடிப்பார் என்று எதிர்பார்ப்பது எப்படி? உங்கள் அலுவலர் ஒருவர், கணக்குத் தெரிந்த தமிழ் பேசும் ஒருவர், பிரதேச செயலகத்திலோ தோட்டப் பாடசாலை ஒன்றிலோ மாதம் ஒரு நாள் மேசை போட்டு உட்கார வேண்டும். எங்கள் பாடசாலையில் மண்டபம் தருவதற்கு அதிபர் சம்மதித்திருக்கிறார். கடிதம் எழுதவும் விகிதம் பிரிக்கவும் நானும் இன்னும் மூன்று ஆசிரியர்களும் வருவோம். சம்பளம் 10 ஆம் திகதி. ஆகவே அதற்குப் பின் வரும் முதல் ஞாயிறாக வையுங்கள். நிலையத்தின் ஆளும் அன்றுதான் வருகிறார்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
மஸ்கெலியா